கண்டாங்கிக்கு மாலை, நெசவாளிக்கு என்ன?

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்குத் திடீரென்று யோகம் அடித்திருக்கிறது. பட்டணத்துச் சீமாட்டிகள் அதைக் கட்டிக்கொண்டு விழாக்களுக்குப் போகிறார்கள். ஓட்டல்களாகிவிட்ட செட்டிநாட்டு மாளிகைகளில், பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். "நெறி தவறாத உடை", "கைவினைஞரைக் கொண்டாடுவோம்" என்றெல்லாம் அச்சடித்த சீட்டு ஒன்று சேலையில் தொங்குகிறது. அதில் விலை இருக்கிறது, கடையின் பெயர் இருக்கிறது. நெய்தவருக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்பது மட்டும் இல்லை. ஏன் இல்லை?

கண்டாங்கி கொண்டாடத்தக்க சேலைதான். அரக்கும் மஞ்சளும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் கட்டங்கள், அகலமான கரை, துவைக்கத் துவைக்க உடம்போடு இழையும் பருத்தி. யார் இல்லை என்றார்கள்? ஆனால் அது மாளிகையில் பிறந்த சேலை அல்ல. நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். பாவு ஓட்ட வேண்டும், கஞ்சி போட வேண்டும், இழை இழையாகப் பிணைக்க வேண்டும், தார் சுற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் நாடா ஓடும். தறியில் உட்கார்ந்தவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. தார் சுற்றிய மனைவிக்கும், கிழவிக்கும்? அவர்கள் உழைப்பும் அந்த ஒரு கூலிக்குள்ளேயே அடக்கம்! இந்த "நெறி"க்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பெண்களுக்கு ஒரு வரியாவது உண்டா?

சர்க்காரே எடுத்த கணக்கைப் பாருங்கள். 2019-20ல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 35 லட்சத்துக்கும் அதிகமான கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஒரு ஆளின் வருமானம் அல்ல, குடும்பம் முழுவதின் வருமானம்! இந்த வருமானத்தில் எந்தப் பையன் அப்பன் தறியில் உட்காருவான்? "பாரம்பரியம் அழிகிறதே" என்று உருகுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

2019 ஆகஸ்டில் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பம் போட்டது எந்தக் கம்பெனியும் அல்ல. காரைக்குடியின் அமரர் ராஜீவ்காந்தி கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம். நல்ல காரியம். ஆனால் அந்தச் சட்டம் பெயரைக் காக்குமே ஒழிய, வயிற்றைக் காக்காது. கைத்தறி முத்திரை 2006லிருந்து இருக்கிறது. அதுவும் துணி கையால் நெய்தது என்று சொல்லும், கூலியைப் பற்றி வாய் திறக்காது. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி 1985ல் சட்டம் வந்தது. முதலில் 22 ரகங்கள், பிறகு 11 ஆகச் சுருக்கினார்கள். விசைத்தறி முதலாளிகள் அந்தச் சட்டத்தையே எதிர்த்து வழக்காடினார்கள். 1993ல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. சேலை இன்னும் ஒதுக்கீட்டில்தான் இருக்கிறது. இருந்தும் கண்டாங்கிக் கட்டத்தை விசைத்தறியில் ஓட்டிப் பாதி விலைக்குத் தள்ளுகிறவனை யார் பிடிக்கிறார்கள்?

மத்திய சர்க்காரின் பக்திக்கும் குறைவில்லை. 1905 சுதேசி இயக்கத்தின் நினைவாக ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள் என்று 2015ல் சென்னையிலேயே பிரதம மந்திரி தொடங்கிவைத்தார். ஐந்தே வருஷம்! 2020 ஜூலை 27ல், அந்த வருஷத்துக் கைத்தறி நாளுக்குப் பதினோரு நாள் முன்பு, அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைத்துவிட்டார்கள். மில்கள் உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்பும் நூலில் கட்டாயமாகச் சிட்டா நூலாகத் தரவேண்டிய பங்கு 2003ல் 50 சதத்திலிருந்து 40 ஆயிற்று, 2019ல் 30 ஆயிற்று. 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி. கைத்தறித் துணிக்கும் நூலுக்கும் 5 சத வரி போட்டது. மாலை கழுத்தில், கை மடியில்!

"நெறி" என்ற சொல் நாகரிக உடை வியாபாரிகளின் வாயில் இவ்வளவு உரக்க ஒலிக்கத் தொடங்கியது எப்போது? 2013 ஏப்ரல் 24ல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்ட பிறகுதான். அவர்கள் தைத்துக்கொண்டிருந்தது மேல்நாட்டுக் கம்பெனிகளின் சட்டைகளை. நம் மெட்ராஸ் கட்டத் துணி கதை அதற்கும் பழையது. 1950களின் கடைசியில் அது அமெரிக்காவுக்குப் போனது. துவைத்தால் சாயம் போயிற்று. வியாபாரி அசரவில்லை, சாயம் போவதுதான் இதன் அழகு என்று விளம்பரம் செய்து விற்றுத் தீர்த்தான். குறையைக்கூடக் காசாக்கத் தெரிந்தவர்களுக்குக் கூலியைச் சீட்டில் எழுதத் தெரியாதா?

"நாங்கள் வாங்காவிட்டால் தறி நின்றுவிடுமே" என்பார்கள். உண்மைதான், வாங்கத்தான் வேண்டும். 1953ல் அண்ணாதுரை திருச்சி வீதிகளில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். துணி தேங்கினால் நெசவாளி பட்டினி என்பது அன்றும் தெரிந்ததுதான். ஆனால் வாங்குவது தர்மம் அல்ல, கொடுக்கல் வாங்கல். கொடுத்த காசில் எவ்வளவு தறிக்குப் போயிற்று என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

ஆகவே கோரிக்கை இதுதான்: குறியீடு பெற்ற ஒவ்வொரு சேலையின் சீட்டிலும் நெசவுக் கூலியை அச்சிட வேண்டும், தார் சுற்றுவதற்கும் பாவு வேலைக்கும் தனிக் கூலி போட வேண்டும், சிட்டா நூலுக்கும் கைத்தறித் துணிக்கும் வரியை நீக்க வேண்டும், 1985 சட்டப்படி சோதனை நடத்திப் போலிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். சர்க்கார் செய்யும்வரை வாசகர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்தத் தீபாவளிக்குக் கண்டாங்கி வாங்குகிறவர்கள் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். வேறு கடையில் வாங்கினால் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் சொன்ன பதிலை ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள், அப்படியே வெளியிடுவோம்.