ஷேர் வாங்கலாமா, சித்தி?

அம்மா என் பெயரில் போட்டு வைத்திருந்த டெபாசிட் முதிர்ந்து 5 லட்சம் கைக்கு வந்தது. பணம் வந்த மறுநாளே யோசனை சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்களே! என் அக்கா பையன், பழைய மகாபலிபுரம் ரோடில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், "சித்தி, கிட்லாப் ஷேர் வாங்கிப் போடுங்கோ. நாங்க தினமும் அதில்தான் வேலை செய்யறோம்" என்றான். தினம் புழங்குகிறவன் சொல்வதற்கு மதிப்பு உண்டு. நல்ல கிரைண்டர் எது என்று கடைக்காரரையா கேட்கிறோம், அரைக்கிறவளைத்தானே?

அது என்ன கம்பெனி என்று முதலில் விசாரித்தேன். கல்யாணச் சமையலில் நாலு பேர் ஒரே அண்டா சாம்பாரில் கை வைத்தால் என்ன ஆகும்? ஆளுக்கு ஒரு பிடி உப்பு விழும். கம்ப்யூட்டர் புரோகிராமும் அப்படித்தான். நூறு பேர் சேர்ந்து எழுதும்போது யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்று பதிந்து வைத்து, தப்பு இருந்தால் பழைய நிலைக்குத் திருப்பி, சோதித்து வெளியே அனுப்பும் கருவியைத்தான் இவர்கள் விற்கிறார்கள். 2011ல் உக்ரைனில் டிமித்ரி என்ற இளைஞர் ஆரம்பித்தது. அவர் வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. பொதுக் கிணற்றிலிருந்து சுமந்து வர வேண்டும். அதைவிட நல்ல கருவி இல்லாததுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாகத் தோன்றியதாம்! (அவர் வீட்டுப் பெண்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.)

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் நாம் வாங்கப் போவது கதையை அல்லவே! 2021 அக்டோபரில் இந்த ஷேரை 77 டாலருக்கு வெளியிட்டார்கள். முதல் நாளே 100 டாலரைத் தாண்டிவிட்டது. 2023ல் அதே ஷேர் 77ல் பாதிக்கும் கீழே போயிற்று. கம்பெனி படுத்துவிட்டதா என்றால் இல்லை. 2022 ஜனவரியில் முடிந்த வருஷத்தில் சுமார் 25 கோடி டாலராக இருந்த வரவு, 2025 ஜனவரியில் முடிந்த வருஷத்தில் சுமார் 76 கோடி. நஷ்டமும் வெகுவாகக் குறைந்தது. வியாபாரம் மூன்று மடங்கு ஆகியும் 2025 முடிவில் ஷேர் 77 டாலரை எட்டவில்லை. பட்டு அசல்தான், வாங்கினவர் கொடுத்த விலைதான் ஜாஸ்தி. பனகல் பார்க் பக்கம் புடவை எடுக்கிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நம்மூர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் கதையும் இதேதான். 2010ல் சென்னையில் பிறந்த கம்பெனி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் 36 டாலருக்கு ஷேர் வெளியிட்டது. அங்கே வேலை பார்த்த 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கும். 2022 முடிவில் அந்த ஷேரின் விலை பாதிக்கும் குறைவு. கோடீஸ்வரர் ஆனவர்கள் முன்னாலேயே உள்ளே இருந்தவர்கள். வெளியிட்ட அன்று கடையில் வாங்கினவர்கள் அல்ல. ஜோஹோ ஷேர் வாங்கலாமே என்கிறீர்களா? அவர்கள் வெளியாருக்கு ஷேர் விற்பதே இல்லை.

பையனிடம் இரண்டு கேள்வி கேட்டேன். இந்த மாதிரிக் கருவி ஓசியிலும் கிடைக்கிறதே, பிறகு ஏன் காசு கொடுக்க வேண்டும்? "பெரிய கம்பெனிக்குப் பாதுகாப்பு, கணக்கு எல்லாம் வேணும், அதுக்குத்தான்" என்றான். சரி, ஒப்புக்கொள்ளலாம். இவர்கள் கட்டணம் வாங்குவது ஆள் கணக்கில். இப்போது செயற்கை அறிவே புரோகிராம் எழுதுகிறது என்கிறீர்கள், நாளைக்கு எழுதும் ஆட்கள் குறைந்தால்? இதற்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். எனக்கு அந்த மௌனமே பதிலாகப் பட்டது.

சட்டதிட்டமும் உண்டு. வெளிநாட்டு ஷேருக்கு ரிசர்வ் பாங்க் வகுத்த திட்டப்படி பாங்க் வழியாகப் பணம் அனுப்ப வேண்டும். பாங்க் கட்டணம், டாலர் மாற்றுவதில் கழிவு என்று கொஞ்சம் போகும். அங்கே ஒரே ஒரு ஷேர் இருந்தாலும், சம்பாத்தியமே இல்லாத குடும்பத் தலைவியும் வருமான வரி ரிட்டர்ன் போட்டு அதைக் காட்டியாக வேண்டும். கணவர் கொடுத்த பணத்தில் வாங்கினால் லாபம் அவர் கணக்கில் சேர்ந்துவிடும். அம்மா கொடுத்தது என்றால் அது நம் கணக்குத்தான். அதனால் எங்கிருந்து வந்த பணம் என்பதற்குப் பாங்க் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெண் இப்போது பிளஸ் ஒன். இரண்டு வருஷத்தில் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். அந்த நாளில் ஷேர் இறங்கியிருந்தால், ஏறட்டும் என்று காலேஜ் காத்திருக்குமா? ஆகவே 4½ லட்சத்தை மறுபடி டெபாசிட்டிலேயே போட்டேன். மீதி 50,000 ரூபாய் தனியே இருக்கிறது. கம்பெனியின் அடுத்த வருஷக் கணக்கில், பழைய வாடிக்கைக்காரர்கள் முன்பைவிட அதிகம் கட்டுகிறார்களா, குறைக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லும்படி பையனிடம் கேட்டிருக்கிறேன். அதிகம் என்றால் வாங்குவேன், அதுவும் இரண்டு தவணையாக. குறைந்தால் அந்தப் பணத்தில் சமையலறை ஒழுகலைச் சரிசெய்வதாக உத்தேசம்.

நகைச் சீட்டைப் பற்றிக் கேட்டிருக்கும் தி.நகர் சகோதரிக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.