மழைப் பஞ்சமும் வருண ஜெபமும்

2019ஆம் வருஷக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றிப்போய், சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது யாவருக்கும் ஞாபகமிருக்கும். அந்தச் சமயத்தில் அறநிலையத் துறையார் செய்த காரியம் என்னவென்றால், கோவில்கள்தோறும் மழைக்காக யாகமும் வருண ஜெபமும் நடத்தும்படியும், அமிர்தவர்ஷிணி முதலிய ராகங்களை வாசிக்கும்படியும் உத்தரவு அனுப்பியதேயாகும். புரோகிதர்கள் அண்டாத் தண்ணீருக்குள் உட்கார்ந்து ஜெபம் செய்த படங்களும் பத்திரிகைகளில் வந்தன. தெருவில் பெண்கள் ஒரு குடம் தண்ணீருக்கு அடித்துக்கொண்டிருக்கையில், ஜெபத்துக்கு மாத்திரம் அண்டா நிறையத் தண்ணீர் கிடைத்துவிட்டது!

தோழர்களே! வருணன் தண்ணீர் அனுப்பவில்லை என்பதுதானே இவர்கள் சொல்லும் குறை? மே மாதத்துச் சென்னையில் அரை நாழிகை வெளியில் நின்றவர்களைக் கேளுங்கள். சட்டை தொப்பலாக நனைந்து, வேர்வை காயவே மாட்டேனென்கிறது. காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கிறது. ஆனால் அந்த ஈரமெல்லாம் தரையை ஒட்டிய சில ஆயிரம் அடிக்குள்ளேயே கிடக்கிறது. அதற்குமேல் வீசுவது நிலத்திலிருந்து வரும் வறண்ட காற்று. கீழ்க்காற்று உயர எழும்பிக் குளிர்ந்தால்தான் மேகமாகி மழையாகும். அது எழும்புகையில் மேலே வறண்ட காற்று மூடிபோல் அமர்ந்திருந்தால், திரண்ட மேகமும் தோசைக்கல்லில் தெளித்த நீர்போல் ஆவியாகிவிடும்.

இதை நம்பாதவர்கள் பெரு தேசத்து லிமா நகரைப் பார்க்கட்டும். கடலோரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மாதக் கணக்காக மூடுபனி கவிந்து சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்கும். ஆயினும் வருஷம் முழுவதும் பெய்கிற மழை ஒரு அங்குலத்தைக்கூட எட்டுவதில்லை. மேலிருந்து இறங்குகிற உஷ்ணக் காற்று மூடியாய் நின்று, கீழே உள்ள ஈரத்தை எழும்பவிடுவதில்லை.

நம் பக்கத்திலேயே பாருங்கள். தென்மேற்குக் காற்று மலையில் ஏறும்போது கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் இறங்குகையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் சூடேறி, வறண்டுபோய்த் தூத்துக்குடிக்கு வருகிறது. மலைக்கு மேற்கே இருப்பவர்களெல்லாம் புண்ணியவான்கள், கிழக்கே இருப்பவர்களெல்லாம் மகாபாவிகள் என்று எந்தச் சாஸ்திரியாராவது எழுதிக் கொடுப்பாரா?

யாகப் புகை மேலே போய் மேகமாகிறது என்று விஞ்ஞானம் பேசுகிற படித்த மேதாவிகளும் உண்டு. புகையால் மழை வருவதானால் எண்ணூர் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள் ஊரையே வெள்ளக்காடாக்கியிருக்க வேண்டாமா? நீர்த்துளி ஒட்டிக்கொள்ளத் தூசிக்கும் உப்புக்கும் ஆகாயத்தில் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் மேல்மட்டத்து ஈரத்துக்கும், காற்றை மேலே தூக்கிவிடும் தாழ்வழுத்தத்துக்குந்தான்.

மழை வந்துவிட்டால் யாகத்தின் மகிமை; வராவிட்டால் ஜனங்கள் செய்த பாவம். இப்படி இரண்டு பக்கமும் லாபமுள்ள வியாபாரம் உலகத்தில் வேறு உண்டா? கிராமத்தில் கொடும்பாவி கட்டி இழுக்கும்போது அந்தப் பாவி யார் என்ற பேச்சு எழுந்தால், விரல் நீளுவது பண்ணையார் வீட்டுப் பக்கமல்ல. தாலியறுத்த ஏழைப் பெண்ணின் பக்கமும், சேரியின் பக்கமுந்தான். அதனாலேயே இதை வெறும் வேடிக்கையென்று விட்டுவிட நமக்கு மனமில்லை.

2015 டிசம்பரில் இதே செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் பெருகிப் பாய்ந்ததே, அப்போது எந்த யாகம் நடந்தது? வந்த தண்ணீரைத் தேக்க வழியில்லாமல் ஏரியையும் சதுப்பு நிலத்தையும் மனைக்கட்டாக விற்றவர்களுக்கு, நான்கு வருஷம் கழித்து வருணன்மேல் பழிபோட என்ன யோக்கியதை இருக்கிறது?

மீனம்பாக்கத்திலிருந்து வானிலை இலாகாவார் பறக்கவிடும் பலூன், எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம், எவ்வளவு உஷ்ணம் என்பதை ரேடியோ மூலம் சொல்லிக்கொண்டே மேலே போகிறது. அறநிலையத் துறையார் இனி யாக உத்தரவு போடுவதானால், அன்றைய பலூன் கணக்கையும் யாகச் செலவுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, கோவில் வாசலிலேயே ஒட்டட்டும்.