ஒரு பெயர், பத்தொன்பது பேர்

இசைக்குழு என்பது பாடுவோரின் கூட்டம் மட்டுமன்று. ஒரு பெயரைச் சேர்ந்து சுமக்க இசைந்தோரின் கூட்டமுமாகும். சுமப்போர் மாறினால் பெயர் நிலைக்குமா? இத்திங்கள் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இதுவே.

2017ஆம் ஆண்டில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழுவைத் தோற்றுவித்தனர். தங்கவயலைக் களமாகக் கொண்டு 2024இல் ‘தங்கலான்’ படத்தைத் தந்தவரும் இவ்விரஞ்சித்தே. கானா பாடுவோர், ராப் பாடுவோர், கிடார் மீட்டுவோர், பறையும் சட்டியும் கட்டை மோளமும் முழக்குவோர் எனப் பத்தொன்பது பேர் ஒன்றுகூடினர். சாவு வீட்டோடு நிற்க வேண்டியவை என்று ஒதுக்கப்பட்டிருந்த பாட்டும் பறையும், 2018 சனவரி 6ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறின. அக்கூட்டத்தில் இருந்த ஒரே பெண் பாடகர் இசைவாணி. 2020இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

குழுவின் பெயருக்கு வேராய் அமைந்தது, பண்டிதர் அயோத்திதாசர் வழங்கிய ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்து. அப்பெருமகன் 1907இல் இராயப்பேட்டையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ ஏட்டைத் தங்கவயல் தொழிலாளர் விரும்பிப் படித்தனர். மாரிகுப்பத்தில் பௌத்த சங்கமும் கண்டனர். 1914இல் பண்டிதர் மறைந்தார். ஆயினும், பின்னாளில் ‘தமிழன்’ ஏட்டை இத்தங்கவயலிலிருந்தே நடத்தினார் ஜி. அப்பாதுரையார். ஆசிரியர் மாறினார், ஊர் மாறியது. பெயரும் நோக்கமும் மாறவில்லை.

இசைக்குழுவிலும் இதுவே நிகழ்கிறது. முதல் மேடையில் நின்றோர் அனைவரும் எந்நாளும் ஒரே மேடையில் நிற்பதில்லை. அங்கே பாடிய அறிவு, 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலால் உலகறியப் பெற்றார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே அப்பாடலுக்கு ஊற்று. பின்னர் ‘அம்பாசா’ என்னும் குழுவைத் தாமே அமைத்துக்கொண்டார். இதனைப் பிளவு என்று வருந்துவோர் உண்டு. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு அணைந்துவிடுமா? பிரிந்து செல்வதால் குழு அழிவதில்லை. வைத்துச் சென்ற பறையை எடுக்க அடுத்தவர் கை நீளாதபோதே அழிகிறது.

அன்பர்களே, இது நமக்கும் பொருந்தும். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நம் இளைஞர் விடியல் வண்டியேறிப் பெங்களூர் செல்கின்றனர், இருட்டியபின் திரும்புகின்றனர். சிலர் திரும்புவதுமில்லை. பயணச்சீட்டு எழுதும் கைக்கு இது நன்கு தெரியும். போவோரை நாம் தடுக்க இயலாது, தடுக்கவும் கூடாது. ஆனால், லைன் வீடுகளில் முழங்கிய பாட்டையும் தாளத்தையும் அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அவர்களிடம் நம் பிள்ளைகளை அமர்த்துவோம். பத்தொன்பது பேர் வேண்டா. முதலில் இருவர் போதும். ஒருவர் வண்டியேறும் நாளில், மற்றவர் கையில் பறை இருக்கும்.