கணக்கு நோட்டில் ஒரு ஜட்ஜ்

மார்கழித் திருவாதிரையையொட்டி உத்தரகோசமங்கையில் மரகத நடராஜரின் சந்தனக் காப்பைக் களைவார்கள் என்பது நேயர்கள் அறிந்ததே. ஆண்டுக்கு ஒரு முறைதான் அந்தப் பச்சைத் திருமேனி கண்ணுக்குக் கிட்டும். தரிசனம் முடிந்து திரும்புகையில் இராமநாதபுரத்தில் ஒரு நண்பர் வீட்டில் தங்கினேன். அவருடைய கொள்ளுப் பாட்டனார் அந்தக் காலத்து வக்கீல். பரணிலிருந்து இறங்கியிருந்த தடித்த கணக்கு நோட்டு ஒன்றைக் காட்டி, "பழைய காகிதக்காரனுக்குப் போட வைத்திருக்கிறேன், வேண்டுமானால் புரட்டிப் பாருங்கள்" என்றார்.

ஏடு முழுவதும் பத்திரிகைத் துண்டுகள். செல்லரித்தவை போக மிஞ்சியவற்றில் பெரும்பாலும் ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயரைப் பற்றியவை. சீமைப் பக்கத்தார் 'மணி ஐயர்' என்று அவரைச் சொந்தம் கொண்டாடியதற்குக் காரணம் உண்டு. அவர் தகப்பனார் இராமநாதபுரம் ஜமீன்தாரின் வக்கீல். 1842-ல் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போதே காலமாகிவிட்டார். பிள்ளை குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே படித்து, மதுரையில் வக்கீலாகி, 1895-ல் சென்னை ஹைகோர்ட்டு ஜட்ஜானார். பிரதம நீதிபதியின் ஸ்தானத்தையும் தற்காலிகமாக வகித்து, 1907-ல் ஓய்வு பெற்றார்.

தீர்ப்புகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவை அச்சேறிவிட்டன. விதவை ராணி செய்துகொண்ட ஸ்வீகாரம் செல்லும் என்று பிரிவி கவுன்ஸில் 1868-ல் முடிவு சொன்ன இராமநாதபுரம் வழக்கைக்கூட இன்றும் சட்ட மாணாக்கர் படிக்கிறார்கள். ஆனால் தீர்ப்புத் தொகுதிகளில் அகப்படாத காரியம் ஒன்று அந்த நோட்டில் இருந்தது.

1917-ல் அன்னி பெஸன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்டிருந்தபோது, மணி ஐயர் இந்தியாவின் நிலையை விளக்கி அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு மந்திரி மாண்டேகு அதைப் பார்லிமெண்டில் கடுமையாகக் கண்டித்தார். கிழவர் மன்னிப்புக் கேட்கவில்லை. 'ஸர்' பட்டத்தையும் 'திவான் பகதூர்' பட்டத்தையும் துறந்துவிட்டார். அப்போது வயது எழுபத்தைந்து! அரசாங்கத்தின் நீதி பீடத்தில் பன்னிரண்டு ஆண்டு அமர்ந்தவருக்கு அது இலேசான காரியமா?

அந்தத் துண்டைச் சுற்றி மட்டும் நீலப் பென்ஸிலால் கோடிட்டிருந்தது. அதற்குப் பிறகு வந்த துண்டுகளுக்கு அந்த வக்கீல் தம் கைப்பட எழுதிய தலைப்புகளில் 'ஸர்' இல்லை. வெறும் 'மணி ஐயர்'தான். இதை நண்பருக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்; ஒன்றும் பேசவில்லை.

சாயங்காலம் காகிதக்காரன் வந்தான். மற்றக் கட்டுகளை எல்லாம் தராசில் ஏற்றினார். நோட்டு மட்டும் அவர் கக்கத்தில் இருந்தது.