பணியாளும் மகளும்: ஒரு பறவையின் இரு பெயர்வாழ்வு

கொல்கத்தா மாநகராட்சியின் பழைய இலச்சினையில், அலகில் பாம்பைக் கவ்வியபடி, கேடயத்தின் இருபுறமும் காவலரைப் போல இரு பறவைகள் நிற்கும். அவை பெருநாரைகள். இலச்சினையில் இடம்பெற்ற அப்பறவை இந்நகரின் வானிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டது. சட்டத்தாலும் சின்னத்தாலும் போற்றிய ஒரு பறவையை ஒரு நகரம் ஏன் இழந்தது? இக்கேள்விக்குப் பறவையியல் தரும் விடைகள் உண்டு. மொழியியல் தரக்கூடிய விடை ஒன்றும் உண்டு என்பது என் கருத்து.

19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் பெருநாரை அன்றாடக் காட்சி. ஆளுநர் மாளிகையின் கூரை விளிம்பில் அது வரிசையாக அமர்ந்திருந்ததை அக்கால ஓவியங்களும் பயணக் குறிப்புகளும் காட்டுகின்றன. நகரின் கழிவையும் இறந்த விலங்குகளின் உடல்களையும் அது தின்று தீர்த்தது. எனவே அதைக் கொன்றவருக்கு ஐம்பது ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அக்காலத்தில் அது சிறு தொகையன்று. ஆங்கிலேயர் அதை 'அட்ஜுடன்ட்' என்றனர். படைத்தலைவருக்குத் துணைநிற்கும் அலுவலரின் பதவிப்பெயர் அது. பறவையின் விறைத்த நடையைக் கண்டு சூட்டியது. உள்ளூர் மக்கள் வழங்கிய 'ஹர்கிலா' என்ற பெயருக்கு 'எலும்பை விழுங்குவது' என்பது பொருள். ஒரு பெயர் நடையைச் சொன்னது, மற்றொன்று தீனியைச் சொன்னது. அது நமக்கு யார் என்பதை இரண்டும் சொல்லவில்லை.

நகரம் அப்பறவையைப் பணியாளாகவே அறிந்திருந்தது. பணியாளுக்கு உரிய காப்பையே அளித்தது. கோடையிலும் மழைக்காலத்திலும் வந்து போன அப்பறவை எங்கே முட்டையிடுகிறது, எந்த மரத்தை நம்பியிருக்கிறது என்பது நகரத்தின் அக்கறைக்குள் வரவில்லை. கூடுகள் பர்மாவின் காடுகள் போன்ற தொலைவிடங்களில் இருந்தன. அங்கே மரங்கள் வீழ்ந்தபோது ஐம்பது ரூபாய்ச் சட்டத்தால் ஒன்றும் செய்ய இயலவில்லை. இங்கோ நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்கள் வந்தன. பணியாளின் தேவை குறைந்தது. பயன் கருதிப் பிறந்த அன்பு பயனோடு முடிந்தது.

இதே பறவைக்கு அஸ்ஸாமில் வேறொரு வரலாறு உண்டு. இன்று உலகில் இது கூடுகட்டும் இடங்கள் அஸ்ஸாம், பீகாரின் பாகல்பூர் வட்டாரம், கம்போடியா என மிகச் சிலவே. காம்ரூப் மாவட்டத்தின் ததரா, பசரியா, சிங்கிமாரி ஊர்களில் இவை வீட்டுக் கொல்லைகளில் உள்ள கடம்பு முதலிய மரங்களில் கூடு வைக்கின்றன. எச்சமும் அழுகிய இறைச்சித் துண்டுகளும் முற்றத்தில் விழும். நாற்றம் வீட்டுக்குள் வரும். மரத்தின் உரிமையாளர் மரத்தையே வெட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. 2007இல் அப்படி ஒரு மரம் குஞ்சுகளோடு வீழ்ந்ததைக் கண்டவர் பூர்ணிமா தேவி பர்மன். அப்போது அவர் நம்மைப் போன்ற ஓர் ஆய்வு மாணவர். தடுக்கச் சென்ற அவரை ஊரார் எள்ளி நகையாடினர். அவர் தம் முனைவர் பட்ட ஆய்வை ஒத்திவைத்துவிட்டு அவ்வூர்ப் பெண்களிடம் பேசத் தொடங்கினார்.

அழிந்துவரும் இனம், சூழல் சமநிலை என்னும் சொற்கள் மட்டும் அங்கே வேலை செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பெண்கள் தாம் அறிந்த ஒரு சடங்கைப் பறவைக்கு நீட்டித்தனர். சூலுற்ற பெண்ணுக்குச் செய்யும் பஞ்சாமிர்தச் சடங்கை, நம் வளைகாப்பைப் போன்ற ஒன்றை, கூடுகட்டும் ஹர்கிலாவுக்குச் செய்தனர். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளைத் தாங்க மரத்தடியில் வலை கட்டினர். தறியில் பறவையின் உருவை நெய்து விற்றனர். முப்பதுக்கும் குறைவாக இருந்த கூடுகள் 250ஐக் கடந்தன. 'ஹர்கிலா படை' எனப்படும் அப்பெண்களின் எண்ணிக்கை இன்று பல்லாயிரம். 2023இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இப்பறவை 'அருகிய' நிலையிலிருந்து 'அச்சுறுத்தலை அண்மித்த' நிலைக்கு மாற்றப்பட்டது. பர்மனை மக்கள் 'ஹர்கிலா பாய்தேவ்', அதாவது 'ஹர்கிலா அக்கா' என்று அழைக்கின்றனர். பெயரின் நேர்ப்பொருள் இன்னும் 'எலும்பு விழுங்கி' தான். உறவுச்சொல் ஒன்று அருகில் வந்து நின்றதும் இழிபெயர் சிறப்புப்பெயராயிற்று.

தமிழருக்கு இது புதிதன்று. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக்கு வரும் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கர்நாடகத்தின் கொக்கரே பெள்ளூரில், கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் பேறுகாலத்துக்குப் பிறந்தகம் வரும் மகள்கள். மகள் என்ற சொல்லை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அவள் தங்க இடம் வேண்டும், அவள் பெறும் பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பவை தாமாகவே பின்தொடர்கின்றன. பணியாளைப் போற்றும் மொழிக்குக் கூடு தேவையில்லை. மகளைப் போற்றும் மொழி கூட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு இரு மறுப்புகள் எழலாம். விலங்குக்கு மனித உறவைச் சூட்டுவது அறிவியலுக்கு ஒவ்வாது என்பது ஒன்று. உண்மை, நாரை யாருக்கும் மகளன்று. ஆயினும் அச்சொல் பறவையைப் பற்றிய கூற்றன்று, பேசுவோர் தம்மீது ஏற்றுக்கொள்ளும் கடமையைப் பற்றிய கூற்று. மற்றொரு மறுப்பு வலுவானது: உறவின் சுமை பெரும்பாலும் பெண்கள்மீதும் எளிய மரவுரிமையாளர்மீதும் விழுகிறது. மகளுக்குச் சீர் செய்யச் செலவுண்டு. அச்செலவை ஊரின்மீது மட்டும் சுமத்திவிட்டு அரசு சான்றிதழ் வழங்குவது நியாயமன்று. தறியும் வருமானமும் இணைந்ததால்தான் ததராவின் அன்பு நிலைத்தது.

இவற்றை நான் எழுதுவது கிடர்பூரிலிருந்து. துறைமுகப் பாரந்தூக்கிகளுக்கும் இறைச்சிக் கடைகளுக்கும் மேலே இங்கே வட்டமிடுபவை கரும்பருந்துகள். ஹர்கிலா விட்டுச்சென்ற வேலையை இன்று செய்பவை இவையும் காகங்களுமே. விசுவகர்மா பூசையன்று இந்நகரின் வானம் காற்றாடிகளால் நிறையும். அறுந்த மாஞ்சா நூல் மரக்கிளைகளில் தங்கி, கூடுகட்டும் பருவம் வரையிலும் தொங்குகிறது. செயற்கை இழை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இலேயே தடைசெய்துவிட்டது, விற்பனை நின்றபாடில்லை. ஐம்பது ரூபாய்த் தண்டத்தின் கதை மீண்டும் நிகழ்கிறது: சட்டம் இருக்கிறது, உறவு இல்லை.

ஆகவே மொழி, சமூகம், சூழலியல் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். களப்பணியில் பறவைப் பெயர்களைத் திரட்டும்போது, அப்பெயருக்கு அருகில் மக்கள் எந்த உறவுச்சொல்லை வைக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லும் இல்லாத இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து இழக்கப்போகும் பறவைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.