கால்வாய்க் கரையைச் சைக்கிளுக்கு விடுவோம்

பொன்னேரி வட்டத்தின் கிழக்குக் கோடியில் பழவேற்காடு ஏரியை ஒட்டி மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மேற்கே நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் சிறு விவசாயிகளின் ஊர்கள். இந்த இரு சாராருக்கும் பொதுவான சொத்து ஒன்று உண்டு. அது பக்கிங்காம் கால்வாயின் கரை. அந்தக் கரையில் சரளை மண் போட்டு இறுக்கி, லாரியும் காரும் நுழையாத சைக்கிள் பாதையாக ஆக்க வேண்டும் என்பது என் கருத்து. தார் போட வேண்டாம். அகலப்படுத்தவும் வேண்டாம்.

கரையில் பாதை என்பது புதிய யோசனை அல்ல. 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட கால்வாய், பிறகு பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பால் ஆந்திரத்துக்கும் நீண்டது. 1877-78 பஞ்சத்தின்போது கூலி வேலையாகச் சென்னை நகருக்குள் இணைப்பு வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிய தோணிகள் இதன் வழியே சென்னைக்குப் போயின. காற்று இல்லாத வேளையில் தோணிக்காரர்கள் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்து நடந்தார்கள். ஆகவே கரை, ஆள் நடப்பதற்கென்றே அமைந்த ஒன்று. 1965, 1966 புயல்களில் கால்வாய் சேதமுற்றது. லாரிப் போக்குவரத்தும் பெருகியது. தோணிகள் மறைந்தன; கரையும் கவனிப்பார் இல்லாமல் போயிற்று.

இன்று நிலைமை என்ன? எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மீஞ்சூர்ப் பக்கத்துச் சாலைகளை நிறைத்துவிட்டன. பள்ளிக்குச் செல்லும் பெண் குழந்தை, மீன் கூடையுடன் செல்லும் பெண், பால் கேனைக் கட்டிக்கொண்டு செல்லும் விவசாயி ஆகிய எல்லோரும் இந்த வண்டிகளுக்கு ஒதுங்கி, சாலையோரப் புழுதியில் இறங்கித்தான் போக வேண்டும். தமிழக அரசு மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்கு இலவச சைக்கிள் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அதை ஓட்ட அச்சமில்லாத பாதையைக் கொடுக்காமல் விட்டால் பாதி வேலைதானே முடிந்தது?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தது. கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் அதில் இருந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரமெல்லாம் அவர்களுக்கு மிச்சமாயிற்று. அதே லாபம் பழவேற்காட்டு மீன் விற்கும் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும். பொழுது ஏற ஏற மீனின் விலை இறங்கும். கீரையும் கத்தரியும் விற்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

விவசாயிக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். கால்வாயில் கடல் நீர் ஏறி இறங்குகிறது. கரை தாழ்ந்த இடத்தில், பெருமழைக் காலத்தில் உப்புத் தண்ணீர் வயலுக்குள் பாயும். ஒரு முறை உப்பு ஏறிய நிலம் பழைய விளைச்சலுக்குத் திரும்ப எத்தனை மழை வேண்டும் என்பதை அந்தப் பக்கத்து விவசாயி அறிவார். யாரும் நடக்காத கரையில் உடைப்பு எங்கே என்று பார்ப்பார் இல்லை. நண்டு வளை பெரிதாகி வாய்க்காலாகிய பிறகே தெரிய வருகிறது. நாள்தோறும் நூறு பேர் போய்வரும் கரையில் சிறு அரிப்பும் அன்றே கண்ணில் படும். பாதை போடுகிற செலவு கரையைக் காக்கிற செலவும் ஆகிறது.

வேலை முறையும் கடினமானது அல்ல. முதலில் சீமைக் கருவேலை வேரோடு எடுக்க வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் மறு வருடமே தழைக்கும். அதன் முள் ஒன்று போதும், டயரும் டியூபும் போயிற்று. (பஞ்சர் கடைக்காரர் ஒருவருக்குத்தான் அதில் மகிழ்ச்சி.) பிறகு கரையின் தாழ்ந்த பகுதியை மண் போட்டு உயர்த்தி, நடுவில் சற்று மேடாகவும் இருபுறமும் சரிவாகவும் அமைக்க வேண்டும். மேலே அரை அடி சரளை மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினால் போதும். களிமண் அதிகம் கலந்த சரளை மழையில் சேறாகும். வெறும் கல்லாக இருந்தால் சக்கரம் புதையும். ஈரமாக்கிக் கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் அழுத்தினால் உடைய வேண்டும். சரிவுகளில் வெட்டிவேரும், ஓரத்தில் பனங்கொட்டையும் ஊன்றலாம். பனை வளரக் காலமாகும் என்றாலும் அதன் வேர் கரையை விடாது.

நுழைவாயில்களில் சைக்கிளும் தலைச்சுமைக்காரரும் போகும் இடைவெளி விட்டுக் கல் தூண்கள் நட வேண்டும். இதுவே முக்கியம். தூண் இல்லையானால் முதல் வாரமே மணல் லாரி ஏறிவிடும், இரண்டாம் வாரம் பாதை இராது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் எப்படிப் போகும் என்று விவசாயிகள் கேட்பது நியாயமே. அவை கரையின் மேல் நெடுக ஓட வேண்டியதில்லை. குறுக்கே கடக்கும் இடங்களில் கல் பாவிய சரிவு வைத்தால் வயலுக்குப் போய்விடலாம். மோட்டார் பைக்கை என்ன செய்வது? அதையும் தடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் ஊர்க்காரர்கள் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

வெளிநாட்டில் இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரிலிருந்து செல்லும் செசபீக்-ஓஹையோ கால்வாயில் 1924-ல் படகுப் போக்குவரத்து நின்றது. அதன் மேல் மோட்டார் சாலை போட எழுந்த யோசனையை எதிர்த்து, 1954-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் கால்வாயின் முழு நீளமும் நடந்தார். இன்று சுமார் 297 கிலோமீட்டர் கரைப் பாதை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் உரியதாக இருக்கிறது. 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் நாட்டிலும், அக்காலத்தில் குதிரைகள் படகிழுத்த கால்வாய்க் கரைகள் பலவற்றில் இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன.

அந்தக் கோட்டையின் இடிபாட்டையும் டச்சுக் கல்லறைகளையும், குளிர்காலத்தில் பூநாரைகளையும் பார்க்க வெளியூரார் வருகிறார்கள். காரில் வந்து, மீன் சாப்பிட்டுவிட்டுக் காரிலேயே போய்விடுகிறார்கள். 2011 டிசம்பர் 25-ல் அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த துயரத்தை மறக்க முடியாது. ஏரிக்குள் போகாமலே ஏரியைப் பார்க்கும் வழி வேண்டும். சைக்கிளில் வருபவர் நின்று நிதானித்துப் போவார். நுங்கும் வேர்க்கடலையும் பனையோலைப் பெட்டியும் வாங்குவார். ஆனால் அவருக்காகப் பாதை என்று ஆரம்பித்தால் அடுத்து விடுதி வரும், விளக்குக் கம்பம் வரும், பறவை போய்விடும். பாதை ஊராருக்கு; விருந்தாளி அதில் வரலாம்.

கரை நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளது. பறவைகள் சரணாலய எல்லைக்குள் வரும் பகுதிக்கு வனத்துறையின் இசைவும் வேண்டும். ஆகவே கால்வாயை ஒட்டிய ஊராட்சிகள் தனித்தனியே மனு எழுதாமல், ஜனவரி 26 கிராம சபையில் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றி இரு துறைகளுக்கும் அனுப்புவது நல்லது. தீர்மானத்தில் சரளை, தூண், தாரில்லாமை மூன்றும் தெளிவாக இருக்கட்டும். மண் வேலைக்கு மாசி முதல் ஆனி வரை ஏற்ற காலம். ஆடி, ஆவணியில் பெய்யும் சிறு மழைகளில் சரளை நன்றாக இறுகிவிட்டால் ஐப்பசி மழையைத் தாங்கும்.