பெட்டிக்குள் ஒரு மூளை

நம் ரமணாசிரமம் பகுதியில் செங்கம் சாலையோரத்து விடுதிகளிலும் அலுவலகங்களிலும், சுவரோரமாகப் பச்சை விளக்குகள் கண்சிமிட்டும் சிறு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 'ஸ்விட்ச்' அது. விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. அது போதாது என்பதே என் கருத்து.

ஸ்விட்சும் ஒரு கணிப்பொறிதான், தோழியரே! தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர் ஒருவர், மேற்பார்க்கும் போஸ்ட் மாஸ்டர் ஒருவர் அல்லவா? இங்கே, வரும் தகவலின் 48 பிட் முகவரியைப் பார்த்து உரிய கம்பியில் அனுப்புவது தனிச் சில்லு. எவரை அனுமதிப்பது, எவ்வழியை அடைப்பது என்று அதற்குக் கட்டளையிடுவது ஒரு நுண்செயலியும் அதில் ஓடும் இயக்க அமைப்பும். மலிவான சிறு பெட்டிகளில் சில்லு மட்டுமே இருக்கும். வங்கி, ஆஸ்பத்திரி போன்ற இடங்களின் ஸ்விட்சுகளில் போஸ்ட் மாஸ்டர் அவசியம் உண்டு. பலவற்றில் அவர் பெயர் லினக்ஸ். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் கல்லூரி மாணவர் தொடங்கியது. அதன் நிரலை யாரும் படிக்கலாம்.

இயக்க அமைப்பில் குறை தென்பட்டால் திருத்தம் ஏற்ற வேண்டும். பழைய மாடலுக்குத் திருத்தம் தருவதைக் கம்பெனி நிறுத்திவிட்டால்? விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஓட்டையும் அப்படியே இருக்கும். அப்பாவின் வங்கிக் கணக்கும், பாட்டியின் ரத்தப் பரிசோதனை முடிவும் அதன் வழியே போய்க்கொண்டிருக்கும்.

"இதெல்லாம் அயல்நாட்டார் வேலை" என்று சிலர் சொல்லக்கூடும். 1984-ல் நம் அரசு தொடங்கிய சி-டாட் நிறுவனத்தார் தொலைபேசிக்கான ஸ்விட்சை இங்கேயே வடிவமைத்தார்கள். ஏர்கண்டிஷன் இல்லாமல், நம் வெயிலையும் தூசியையும் தாங்கும் அந்தக் கிராம எக்சேஞ்ச் 1986-ல் கர்நாடகத்துக் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. (ஆம், ராணி சென்னம்மாவின் கித்தூரேதான்!) அதன் மூளையும் நுண்செயலியே. உள்ளே இருப்பதை அறிந்தவர்களால்தான் நம் ஊர்க் கோடைக்கு ஏற்றபடி அதை மாற்ற முடிந்தது. சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த 'சக்தி' நுண்செயலியின் சில்லு ஒன்று, 2018-ல் சண்டிகரை அடுத்த மொகாலியிலேயே தயாரானது.

தாவரவியல் வகுப்பில் செம்பருத்திப் பூவை அறுத்துப் பார்க்கிறோம். கணிப்பொறி வகுப்பில் மட்டும் பெட்டியின் படம் வரைந்து பாகம் குறித்தால் போதுமா? பழுதான ஸ்விட்ச் ஒன்றைப் பெற்றோர் எவரேனும் கொடுத்துதவினால், ஸ்க்ரூ டிரைவரை நாங்களே கொண்டுவருகிறோம்.